பணம் எடுத்தவர் பெயரைச் சொல்லுங்கள்

வடசென்னையில் தண்டல்காரர் வராத தெரு இல்லை. நூறு நாள் தண்டலின் வட்டி கொடுமையானது. வசூல் தவறினால் பேச்சும் கடுமையாகிவிடும். ஆனாலும் அவர் யார், எந்தத் தெருவில் இருந்து வருகிறார், இன்றைக்குக் கட்டியது எவ்வளவு, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கடன் வாங்கியவருக்குத் தெரியும். அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டுத்தான் போவார். அதே வடசென்னையின் வியாசர்பாடி வீடுகளுக்குள் இப்போது வேறொரு வசூல் நடக்கிறது. அதற்கு முகமும் இல்லை, அட்டையும் இல்லை. மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் கணக்கில் 199 ரூபாயோ 299 ரூபாயோ குறைந்திருக்கிறது. யார் எடுத்தது என்று பார்த்தால், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரி. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் ஒன்றும் விளங்குவதில்லை.

பெரும்பாலும் அது ஏதோ ஒரு மென்பொருள் சந்தா. முகத்தை அழகாக்கும் செயலி, ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் செயலி, ஜாதகம், இரண்டு நிமிடக் குறுந்தொடர், வைரஸ் தடுப்பு, போனில் இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லி விற்கப்படும் சேமிப்பிடம் என்று வகைக்குப் பஞ்சமில்லை. நுழைவது மட்டும் ஒரே வழியில். திரையின் மேலே பெரிய எழுத்தில் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே, வெயிலில் நின்று பார்த்தால் தெரியாத சாம்பல் நிறத்தில், எட்டாம் நாளிலிருந்து மாதம் எவ்வளவு என்று இருக்கும். ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ ரகசிய எண்ணைப் போட்டவர், உண்மையில் தன் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதியைக் கொடுத்துவிடுகிறார். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ 2020 ஜூலையில் கொண்டுவந்த யுபிஐ ஆட்டோபே வசதி இது. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி ரகசிய எண் கேட்க வேண்டியதில்லை.

199 ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று நினைப்பவர்கள் 2023 செப்டம்பரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்த சில நாட்களில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி வங்கிகள் அதிலேயே கை வைப்பதாகத் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் புகார் சொன்னார்கள். இந்தத் தொகையில் பிடித்தம் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகவே சொல்ல வேண்டி வந்தது. அந்த ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு குறுந்தொடர் செயலிக்குப் போனால் அதைக் கேட்க எந்த அமைச்சரும் வரப்போவதில்லை. பணம் போன வீட்டில், பிள்ளை செய்தானா, கணவர் செய்தாரா, வங்கி செய்ததா என்று சண்டைதான் வரும்.

யார் எடுத்தது என்று ஏன் தெரிவதில்லை? முதல் காரணம் இடப்பற்றாக்குறை. அட்டைப் பரிவர்த்தனைச் செய்தியில் கடையின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து உள்ள இடமே 40 எழுத்து. அதில் பெயருக்குக் கிடைப்பது இருபத்துச் சொச்சம். அது பழைய பெருங்கணினிக் காலத்து ஏற்பாடு. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. மென்பொருளை எழுதிய நிறுவனம் பணத்தைத் தானே வாங்குவதில்லை. உலகெங்கும் உள்ள சிறு மென்பொருள் நிறுவனங்களுக்காகப் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், கிளெவர்பிரிட்ஜ் போன்ற இடைநிறுவனங்கள் சட்டப்படி தாங்களே விற்பனையாளராக நின்று பணம் வாங்கித் தருகின்றன. வாங்கியவர் நினைவில் செயலியின் பெயர் இருக்கும். ஸ்டேட்மெண்டில் இடைத்தரகர் பெயர் இருக்கும். கைபேசிச் செயலி என்றால் கூகுள் ப்ளே அல்லது ஆப்பிள் வழியாகப் பணம் போகும். அப்போது யுபிஐ வரியில் பெரும்பாலும் கூகுளின் பெயரைத்தான் பார்க்க முடியும், எந்தச் செயலிக்காக என்று இருக்காது. இந்திய நிறுவனம் என்றால் ரேஸர்பே, பேயு, பில்டெஸ்க் என்று வாங்கிக் கொடுப்பவர்களின் பெயர் முன்னால் நிற்கும். மென்பொருளின் பெயர் ஒன்றாகவும் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுத்த பெயர் வேறொன்றாகவும் இருப்பது மூன்றாவது குழப்பம்.

ஆனாலும் தேடினால் கண்டுபிடிக்கலாம். போன் மூலம் போன பணம் என்றால் ப்ளே ஸ்டோரில் கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தா எல்லாம் இருக்கும். அதற்கான ரசீது ஜிமெயிலுக்கு வந்திருக்கும். இங்கேதான் வியாசர்பாடி மாதிரி இடங்களில் ஒரு சிக்கல். பல பேருடைய போனில் இருக்கும் ஜிமெயில், போன் விற்ற கடைக்காரரே உருவாக்கித் தந்தது. அப்படி ஒரு பெட்டி தன் பெயரில் இருப்பதே உரியவருக்குத் தெரியாது, ரசீதுகள் அதில் படிக்காமல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரே போனில் மகனின் கணக்கும் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்க வேண்டும், சந்தா அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கலாம். செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு.

யுபிஐ வழியாகப் போகிறது என்றால் ஜிபே, போன்பே, பேடிஎம் எதிலானாலும் ஆட்டோபே என்ற பகுதியில் கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இருக்கும், அங்கேயே நிறுத்தவும் செய்யலாம். எந்தச் செயலியில் அனுமதி கொடுத்தோம் என்று நினைவில்லாதவர்கள் பலர். அவர்களுக்காக, எந்த யுபிஐ செயலியைத் திறந்தாலும் எல்லா அனுமதிகளும் தெரிய வேண்டும் என்று 2025 அக்டோபரில் என்பிசிஐ உத்தரவிட்டது. அட்டை மூலம் என்றால் அட்டை கொடுத்த வங்கியின் தளத்தில் இதே பட்டியல் இருக்க வேண்டும், அது வங்கியின் கடமை.

தொகையும் துப்பு கொடுக்கும். வெளிநாட்டு மென்பொருளுக்கும் இங்கே 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. பைசாவோடு வரும் விசித்திரமான தொகையை 1.18 ஆல் வகுத்துப் பார்த்தால் விளம்பரத்தில் சொன்ன விலை வெளியே வரும். 588 ரூபாய் 82 காசு என்பது 499 ரூபாய்ச் சந்தா. அப்படியும் முழு எண் வரவில்லை என்றால் டாலர் கணக்காக இருக்கலாம். மாற்று விகிதத்தோடு வங்கியின் கூடுதல் கட்டணமும் அதில் கலந்திருக்கும். போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் அதே தேதியை ஒட்டி அதே வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும். வருடச் சந்தா என்றால் போன வருடம் இதே மாதத்தைப் புரட்ட வேண்டும். ஜூன் மாதத்தையொட்டி 436 ரூபாயோ 20 ரூபாயோ போயிருந்தால் அது மென்பொருளே இல்லை. மத்திய அரசின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளின் வருடப் பிரீமியம் அது.

இவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்குச் சரி. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கி வருபவரிடம், இந்தத் துப்பறியும் வேலையையும் நீயே செய்துகொள் என்று சொல்வது அநியாயம். அதுவும் பெயர் தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கவே முடியாது என்கிறபோது.

ஏனென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. அனுமதியே இல்லாமல் யாரோ அட்டை எண்ணைத் திருடி எடுத்திருந்தால் அது மோசடி. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நட்டமும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் தலையில் விழலாம். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாகத் திருப்பி வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பு. நல்ல விதி. ஆனால் ஒரு ரூபாய் ஆசையில் ரகசிய எண்ணைப் போட்டுக் கொடுத்த அனுமதி இந்த விதிக்குள் வராது. நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே என்று வங்கி கையை விரித்துவிடும். அப்போது போக வேண்டிய இடம் நுகர்வோர் சட்டம். மூன்று நாள் கெடு ஓடிக்கொண்டிருக்க, இது திருட்டா சந்தாவா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு சட்டங்களாலும் பயனில்லை.

இந்த இடைவெளியில்தான் உண்மையான திருடர்கள் நுழைகிறார்கள். புரியாத வரியைக் கண்டு பதறியவர் முதலில் செய்வது, அந்த நிறுவனத்தின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்து இணையத்தில் தேடுவது. வரும் எண்களில் பல, மோசடிக்காரர்களே போட்டு வைத்தவை. பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள் என்று சொல்லித் திரையை அவர்கள் கைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 199 ரூபாயைத் தேடிப்போனவரின் கணக்கு முழுவதும் காலியாகும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலேயே தேடுபொறி வழி மோசடி தனியாக இடம்பெற்றிருக்கிறது. வங்கி எண்ணை அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பார்த்து மட்டுமே அழைக்க வேண்டும். மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கி முப்பது நாளில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். சந்தா வலை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் என்பதே பெரும்பாலானவர்களுக்கு ஒரு தலைமுறைக்குள் வந்த மாற்றம். முன்பெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒருமுறை காசு கொடுத்து வட்டு வாங்கி ஏற்றினால் கணினி பழுதாகும் வரை ஓடும். 2013 மே மாதம் அடோபி நிறுவனம், இனி போட்டோஷாப் உள்ளிட்டவற்றின் புதிய பதிப்புகள் சந்தாவாக மட்டுமே என்று அறிவித்தது. கல்யாண ஆல்பமும் பிறந்தநாள் பேனரும் வடிவமைக்கும் சிறு கடைகளுக்குக் கூட அன்று தொடங்கி மென்பொருள் மாத வாடகையாகிவிட்டது. அதே நிறுவனத்தின் மேல்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. மாதக் கட்டணம் போலக் காட்டி வருட ஒப்பந்தத்தில் மாட்டிவிட்டு, முதல் வருடத்தில் விலகினால் மீதித் தவணைகளில் பாதியைப் பிடிக்கும் நிபந்தனையை மறைத்தது என்பது குற்றச்சாட்டு.

வைரஸ் தடுப்பு மென்பொருளின் கதை இன்னும் பழையது. சொல்லாமல் கொள்ளாமல் சந்தாவைத் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்ததாக எழுந்த புகாரில், மெக்காஃபியும் நார்ட்டனை விற்ற சிமான்டெக்கும் 2009இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் ஆளுக்கு 3,75,000 டாலர் கட்டின. பன்னிரண்டு வருடம் கழித்து, 2021இல், பிரிட்டனின் போட்டி ஆணையம் அதே தானியங்கிப் புதுப்பிப்பைப் பற்றி விசாரித்து இரண்டு நிறுவனங்களிடமும் புதிய உறுதிமொழிகள் வாங்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அமேசான் பிரைம் சந்தா வழக்கில் அந்த நிறுவனம் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 150 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. விவரம் தெரிந்த, படித்த, ஆங்கிலம் தாய்மொழியான மக்களே கோடிக்கணக்கில் சிக்கியிருக்கிறார்கள். வியாசர்பாடியில் சிக்கியவரை விவரம் கெட்டவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்தியாவிலும் சட்டம் சும்மா இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளுக்குத் தடை விதித்தது. சந்தா வலையும் மென்பொருள் சந்தா வசூல் தந்திரமும் அந்தப் பட்டியலில் தனித்தனியே இருக்கின்றன. ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பது, இலவசம் என்று சொல்லிக்கொண்டே கட்டண விவரம் கேட்பது எல்லாம் விதிமீறல். ஆனால் மாதம் 199 ரூபாய்க்காகச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக யாருக்கு நேரம்? ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது என்றாலும், ஒருநாள் கூலி போகும். தொகையைச் சிறியதாக வைப்பதே அதற்காகத்தான்.

இந்த நாட்டில் இதற்கு முன்பும் இப்படி ஒரு சிறுதொகை வசூல் நடந்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் ப்ரீபெய்டு போனில் கேட்காத காலர் ட்யூனுக்கும் ஜோக் குறுஞ்செய்திக்கும் மாதம் முப்பது ரூபாய் கழிந்துகொண்டே இருந்ததை மறந்தவர்கள் குறைவு. 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டது. எந்தக் கூடுதல் சேவையானாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும், 155223 என்ற ஒரே எண்ணில் நிறுத்த வழி வேண்டும் என்றது. எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒரே எண் என்பதுதான் அந்த உத்தரவின் சிறப்பு. யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கும் சுமையை அது மக்கள் தோளிலிருந்து இறக்கியது.

வங்கிகளுக்கும் அப்படி ஒரு கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஜூன் 22 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை, பாஸ்புக்கிலும் ஸ்டேட்மெண்டிலும் புரியாத பதிவுகள் கூடாது, சுருக்கமாகவும் விளங்கும்படியும் விவரம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் நபருக்குப் போன பணம் என்றால் வாங்கியவர் பெயரைப் போட வேண்டும் என்றும் சொல்கிறது. தானாக எடுக்கப்படும் சந்தாக்களுக்கு 2019 ஆகஸ்டில் வந்து, 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாங்குபவர் பெயர், தொகை, தேதி, காரணம் எல்லாம் சொல்ல வேண்டும், அட்டைதாரருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த மொழி தமிழாக இருக்கலாம் என்று வியாசர்பாடியில் எத்தனை பேரிடம் எந்த வங்கி கேட்டது? வருகிற குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, ஓடிபி, கடன் விளம்பரம், ரீசார்ஜ் நினைவூட்டல் இவற்றுக்கு நடுவே விழுந்து புதைந்துபோகிறது. தகவல் அனுப்பியாகிவிட்டது என்று வங்கி தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். மக்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

விவரம் எங்களிடமே இல்லை என்றும் வங்கிகள் சொல்ல முடியாது. ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு தொழில்வகை எண் உண்டு. மென்பொருள் கடைக்கு 5734, செயலிகளுக்கு 5817, இணைய விளையாட்டுக்கு 5816 என்று அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றோடும் அந்த எண் வங்கிக்குப் போகிறது. தவணை அனுமதி கொடுத்த தேதியும் அதன் தனி எண்ணும் வங்கிக் கணினியில் இருக்கின்றன. மென்பொருள் சந்தா, இந்தத் தேதியில் நீங்கள் அனுமதித்தது, நிறுத்த இந்த எண் என்று மூன்று துண்டுச் சேதி போட எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் விவரத்தைக் கணக்குக்கு உரியவரிடம் மறைப்பது சேவைக் குறைபாடு என்றே எண்ண வேண்டும்.

ரகசிய எண்ணைப் போட்டது அவர்தானே, பொறுப்பும் அவருடையதுதானே என்று ஒரு வாதம் உண்டு. அனுமதி கொடுத்தவருக்குப் பொறுப்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்று மறுமாதமே கண்டுபிடிக்க முடியாதபடி பெயரை மாற்றிக் காட்டிவிட்டு, அதை அனுமதி என்று சொல்லக்கூடாது. மளிகைக் கடைக்காரர் பொருள் பெயரே எழுதாத சீட்டைக் கொடுத்தால் யாரும் பணம் கொடுக்கமாட்டார்கள். வங்கி மூலம் போகிறது என்பதற்காக மட்டும் அந்த உரிமை குறைந்துவிடாது.

தொடங்குவதற்குச் சென்னையே பொருத்தமான இடம். 1907இல் பிறந்த இந்தியன் வங்கிக்கும் 1937இல் பிறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் தலைமையகம் இதே நகரத்தில் இருக்கிறது. வடசென்னையில் இந்த இரண்டிலும் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏராளம். 2019 விதி கேட்கும் அந்த 24 மணி நேர முன்னறிவிப்பைத் தமிழில் அனுப்பவும், நிறுத்து என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினால் நிறுத்தவும் இந்த இரண்டு வங்கிகளும் முதலில் ஏற்பாடு செய்யட்டும். வங்கிகளைக் கூட்டி மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் பேசும் மாநில அரசு, 2023இல் உரிமைத் தொகைக்காகக் கேட்டது போல் இதையும் கேட்கட்டும். எம்.கே.பி. நகர் கிளையில் பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கு, போன மாதம் 15ஆம் தேதி 299 ரூபாய் எந்தச் செயலிக்குப் போனது என்பது அந்தப் பக்கத்திலேயே தமிழில் இருக்க வேண்டும்.